டெமோ பெரியப்பாவின் நிற்காத சக்கரம்

எங்கள் பெரியப்பாவிடம் வாயால் எதைச் சொன்னாலும் ஏறாது. செய்து காட்டினால்தான் நம்புவார். அவருடைய பிழைப்பே செய்து காட்டுவதுதான் என்பதால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்பாவுக்கு அண்ணன். வீட்டுக்கு வெளியே டெமோ என்று கேட்டால்தான் அவரைத் தெரியும்.

முதலில் கறை எடுக்கும் பொடி விற்றார். சந்தை முனையில் நின்று, போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையிலேயே மையைக் கொட்டிக்கொண்டு, பொடியைத் தேய்த்துக் கழுவிக் காட்டுவார். சில நாள் மை போகும். போகாத நாளில் அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். வியாபாரம் எப்படி என்று பெரியம்மா கேட்கவே வேண்டியதில்லை. அப்புறம் விரலில் படாமல் காய் நறுக்கும் கருவி விற்றார். அவர் கட்டைவிரலைப் பார்த்தவர்கள் யாரும் அதை வாங்கவில்லை. அப்புறம் கீழே போட்டாலும் உடையாத தட்டு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக்கூடாது.

அதற்குப் பிறகுதான் மெஷின் வந்தது.

ஒரு சின்ன மோட்டார். அதன் அச்சில் பளபளவென்று ஓர் இரும்புச் சக்கரம் சுற்றும். சக்கரத்தின் அடிப்பாகம் ஒரு கிண்ணத்தில் தோய்ந்திருக்கும். கிண்ணத்தில் எஞ்சின் ஆயில். மேலே ஒரு நீளமான கை. அதை இறக்கினால் அதன் அடியில் பொருத்திய இரும்புத் துண்டு, சுற்றுகிற சக்கரத்தின் மேல் அழுந்தும். கையில் எடைக்கல்லை மாட்டினால் இன்னும் அழுந்தும். பெட்ரோல் பங்க் வாசலில், காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு அதன் மேல் இதை வைத்துக்கொண்டு பெரியப்பா நிற்பார்.

வெறும் ஆயிலில் முதல் கல்லை மாட்டியதுமே சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிடும். கேட்பவர்களுக்குப் பல் கூசும். அந்தச் சத்தம் எல்லோர் முகத்திலும் இறங்கும் வரை பொறுத்திருந்து, பெரியப்பா குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

"இந்தச் சத்தத்த உங்க எஞ்சின் தினமும் போடுது சார். பானெட் மூடியிருக்கறதால உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

பிறகு, எஞ்சின் ஆயிலோடு கலக்கச் சொல்லி அவர் விற்கும் தேன் நிறத் திரவத்தின் பாட்டிலைத் திறந்து, கிண்ணத்தில் இரண்டு மூடி ஊற்றுவார். இப்போது கல் மேல் கல்லாக மாட்டலாம். சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். கூட்டத்தில் உடம்பு கனத்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வந்து இந்தக் கையில் தொங்குங்கள் என்று கூப்பிடுவார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து அழுத்துவார். சக்கரம் அப்போதும் நிற்காது. கூட்டம் சிரிக்கும், பாட்டில் விற்கும். பெட்ரோல் டாங்க்கில் ஊற்றுகிற சின்னப் பாட்டில் ஒன்றும் அவரிடம் உண்டு. அதற்கு மெஷின் இல்லை. அதனால் பெரியப்பாவுக்கே அதன்மேல் மரியாதை கிடையாது; கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்.

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்து காட்டியது ஒவ்வொரு முறையும் நடந்தது. மழை நாளிலும் நடந்தது, பாட்டில் கம்பெனியின் மேலதிகாரி வந்து நின்று பார்த்த நாளிலும் நடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழைய பனியனால் சக்கரத்தைத் துடைத்து, துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இவ்வளவு பதமாகத் தொட்டுப் பார்த்ததில்லை என்பார் பெரியம்மா. அது பொய்யும் இல்லை.

பெரியப்பாவிடம் ஒரு கார் இருந்தது. கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் அதன் கதவு மூடும், ஆனால் ஓடும். அந்தக் கார் அக்காவுக்கு என்று அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே சொல்லியிருந்தார். அக்கா என்றால் அவருடைய ஒரே மகள். பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு வீட்டில் ஒரு சொத்தைப் பற்றிய பேச்சு மாதிரி ஆகிவிட்டது. காரில் ஒரு கீறல் விழுந்தாலும், "பொண்ணு வண்டி" என்று தடவிக் கொடுப்பார்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், பிறகு கற்றுக்கொடுக்கவும் உரிமம் வாங்கினாள். ஓட்டுநர் பள்ளி நடத்துகிற அம்மா ஒரு நிபந்தனை சொன்னார். சொந்தக் கார் கொண்டுவந்தால் பள்ளியின் பெயர்ப்பலகையைக் கூரையில் மாட்டிக்கொண்டு தனியாகவே ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கார் இல்லையென்றால், இருக்கிற ஆசிரியர்களுக்குக் கீழே, அவர்கள் விடுப்பு எடுக்கும் நாளுக்குக் காத்துக்கொண்டு உட்காரலாம். அக்கா யோசிக்கவே இல்லை. அவளுக்குத்தான் கார் இருக்கிறதே.

ஆசிரியர் பக்கம் இன்னொரு பிரேக் வைக்க வண்டியை ஸ்பேனர் மாமாவிடம் விட்டார்கள். பெரியம்மாவின் தம்பி. தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் மெக்கானிக் வேலை. பேச ஆரம்பித்தால் பல்லி கூடச் சுவரை விட்டுப் போய்விடும். அவர் பிரேக் மிதியை மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எஞ்சினுக்குள் யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மாமா ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப அத்தான் ஆயில் மாத்தினீங்க?"

பெரியப்பா பெருமையாகவே சொன்னார். அவருடைய பாட்டிலை ஊற்றினால் ஆயிலுக்கு இரண்டு மடங்கு ஆயுசு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அவர் தன் வண்டிக்கு இரண்டு மடங்கு பாட்டில் ஊற்றியிருந்தார். ஆகவே நான்கு மடங்கு ஆயுசு. கணக்கில் தப்பே இல்லை.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயில் தயாரிப்பவன் அதில் என்ன போடவேண்டுமோ அதையெல்லாம் அளந்து போட்டுத்தான் டப்பாவை மூடுகிறான், உப்புப் போட்ட சாப்பாட்டில் இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டால் ருசியா கூடும் என்று கேட்டார். டாங்க்கில் ஊற்றுகிற சாமானிலாவது ஒன்றிரண்டு உள்ளே இருக்கிற அழுக்கைக் கொஞ்சம் எடுக்கும், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் தேய்ந்த இரும்பு திரும்ப முளைக்காது என்றார். கடைசியில் கெஞ்சுகிற நிலைக்கே வந்துவிட்டார்.

"புள்ள பொழைக்கப் போற வண்டி அத்தான். எஞ்சினப் பிரிக்கக்கூட வேணாம். பழைய ஆயில எறக்கிட்டு சாதா ஆயில் ஊத்தறேன். அது போதும்."

"சாதா ஆயில் என்ன பண்ணும்னு தினமும் நான் ஊருக்கே காட்டறேன் மாப்ள. அத எம் பொண்ணு வண்டிக்கு ஊத்தச் சொல்றியா?"

"அந்த மெஷின்ல இரும்ப இரும்பு மேல வச்சு அழுத்தறீங்க. எஞ்சின்ல அப்படித் தொட்டா வண்டி அன்னிக்கே செத்துச்சு. நடுவுல ஆயில் நிக்குது. அதுமேல மிதந்துதான் ஓடுது."

"நீ பாத்தியா உள்ள?"

மாமாவால் காட்ட முடியவில்லை. பெரியப்பாவால் காட்ட முடியும். பேச்சு அங்கே முடிந்தது. ஊரில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடிகிறது என்று நினைக்கிறேன். தெரிந்தவனிடம் வாய் மட்டும் இருக்கும், மற்றவனிடம் மெஷின் இருக்கும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, திறக்காத அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எஞ்சினில் ஊற்றினார். மகளுக்குச் செய்யும்போது அளவு பார்க்கக்கூடாது என்று சொன்னார். காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை குனிந்தே நின்றார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி இருந்தது. அப்போது அவரைக் கிண்டல் பண்ண எனக்கு நன்றாக வாய்த்திருந்தது. ஏனோ பண்ணவில்லை.

மறுநாள் வண்டியைக் கிளப்பினால் தட்டுகிற சத்தம் இல்லை. கூழ் மாதிரி கெட்டியாகிவிட்ட ஆயிலுக்குள் எந்தச் சத்தம்தான் கேட்கும்? பெரியப்பா மாமாவுக்குப் போன் போட்டு, எஞ்சின் பக்கத்தில் பிடித்து, "கேக்குதா? கேக்குதா?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றார் மாமா. "அதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா கூரையில் பலகை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆட்கள் வந்தார்கள். கிளட்ச்சை விடும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஒரு பாட்டு வாத்தியார், வலது பக்கம் திரும்பச் சொன்னால் கையை மட்டும் வலது பக்கம் நீட்டுகிற ஒரு நர்ஸ். அக்கா அவர்களைப் போலவே நடித்துக் காட்டுவாள், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கை அரித்தது. பெரியப்பா டெமோவுக்கென்று திறந்து வைத்திருக்கும் பாட்டிலைக் காலி பண்ணிக் கழுவி, பெரியம்மாவின் ஷாம்புவை அதில் நிரப்பி வைத்தேன். நிறம் அச்சு அசல். சக்கரம் கூட்டத்துக்கு நடுவில் கிறீச்சிட்டு நிற்கும், பெரியப்பாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம், நல்ல பாட்டிலை நானே எடுத்து நீட்டிக் காப்பாற்றிவிடலாம் என்பது திட்டம். பெட்ரோல் போட வந்த அக்காவைக் காற்றுக்குழாய் பக்கம் இழுத்து நிறுத்தி, காதில் விஷயத்தைச் சொன்னேன். நிஜமாகவே ஷாம்புவா என்று கேட்டு, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா வெறும் ஆயிலில் கல்லை மாட்டினார். கிறீச். கூட்டம் முகம் சுளித்தது. ஷாம்புவை இரண்டு மூடி ஊற்றினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

சக்கரம் சுற்றியது.

கல் மேல் கல் ஏறியது. ஒரு லாரி டிரைவர் வந்து தன் எடை முழுவதையும் கையில் போட்டார். கிண்ணத்தில் லேசாக நுரை தள்ளியது. வெயில் என்று சொல்லிப் பெரியப்பா அதைத் துடைத்தார். சக்கரம் நிற்கவே இல்லை. லாரி டிரைவரே இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

நான் சிரிக்கலாம் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். துப்பட்டா அவள் வாயிலிருந்து எப்போதோ விழுந்திருந்தது.

"அப்ப என் வண்டிக்குள்ள இருக்கறது என்னடி?" என்றாள்.

அடுத்த நாள் காலையில் சமையலறை மேடையில் மெஷினை வைத்தது அவள்தான். பெரியப்பாவுக்கு முன்னால் ஷாம்பு பாட்டிலையும் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். இந்த வாலு ஏதாவது உளறியிருக்கும் என்று என்னைக் காட்டினார். பிறகு, செய்து காட்டினால்தான் நம்புகிறவர் இல்லையா, தானே கிண்ணத்தைக் கழுவிப் புது ஆயில் விட்டு, தன் கையாலேயே ஷாம்புவை ஊற்றினார்.

சக்கரம் சுற்றியது. எல்லாக் கல்லையும் மாட்டினார். சுற்றியது. கிண்ணத்தை மறுபடி கழுவினார். துணி வெளுக்கிற திரவத்தை ஊற்றினார். அதற்கும் சுற்றியது. அவர் அடுத்து எதை ஊற்றலாம் என்று அலமாரியைத் தேட ஆரம்பித்தபோது, பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"தரை தொடைக்கறதும் இருக்கு, ஊத்திப் பாருங்க. இந்த வீட்டுல அதாவது உருப்படியா ஓடுதான்னு பாப்போம்."

பெரியப்பா ஸ்விட்சை அணைத்தார். சக்கரம் தானாக ஓய்ந்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நிற்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

"மாமாவுக்குப் போன் போடு. ஆயில மாத்திடலாம். இப்பவே போலாம்" என்றார்.

அவரே ஓட்டினார், அக்கா பக்கத்தில், நான் பின்னால். கூரையில் பள்ளியின் பலகை இருந்தது. மாமாவின் ஷெட்டுக்கு ஒரு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது அந்தத் தட்டல் திரும்ப வந்தது. இந்தத் தடவை விரல் முட்டி இல்லை, சுத்தியல். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அக்கா நிறுத்துங்கள் என்று சொல்லி, தன் பக்கம் இருந்த பிரேக்கை மிதிப்பதற்குள் எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. எங்களுக்குப் பழக்கமான சத்தம்தான். பங்க் வாசலில் தினமும் கேட்கிற அதே கிறீச். இந்த முறை பானெட் மூடியிருந்தும் கேட்டது.

பாலத்தின் மேல் பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். பலகையைப் பார்த்த ஒருவன், முதலில் நீ கற்றுக்கொண்டு வா என்று அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போன பிறகு, மாமா எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினார். வந்தது ஆயில் இல்லை, கறுப்புக் களிம்பு. அதைத் துடைத்துவிட்டு, நிலா மாதிரி வளைந்த ஒரு தகட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதுதான் பேரிங்காம், எஞ்சினின் தண்டு அதன்மேல்தான் சுற்ற வேண்டுமாம். கரையான் தின்ற மரம் மாதிரிப் பொத்தல் பொத்தலாக இருந்தது. தண்டும் கீறிப்போயிருந்தது. வேறு எஞ்சின்தான் வைக்க வேண்டும், அதற்கு வேறு காரே பார்க்கலாம்.

நான் சொன்னேனே என்று மாமா ஆடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆடவில்லை. எப்போதும் நிற்காத அந்த வாய், பேச்சைத் தேடியது.

"இதாலதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் அத்தான். வயசான வண்டி, தானாவும் போயிருக்கும். ஆயில் மாத்தாம விட்டதுதான் பாதி. ஆனா நீங்க ஊத்தினது காப்பாத்தும்னு சொன்னீங்க இல்ல. காப்பாத்தல. அது மட்டும் தெரியுது."

பெரியப்பா அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவிடம் நீட்டப் போனார், பிறகு தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகு இறுகியிருந்தது. மாமா உதவ வந்தபோது வேண்டாம் என்றாள்.

பள்ளியின் அம்மா நல்லவர்தான். வேலை இல்லையென்று சொல்லவில்லை. இருக்கிறவர்களுக்குக் கீழே உட்காரச் சொன்னார். பாட்டு வாத்தியாரும் நர்ஸும் இன்னொருவரிடம் போனார்கள். அக்கா வீட்டில் யாரைப் போலவும் நடித்துக் காட்டுவதில்லை.

பெரியப்பா சில நாள் வெளியே போகவில்லை. மெஷின் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வேறு ஏதாவது விற்கலாமே என்றார் பெரியம்மா.

"எத வித்தாலும் செஞ்சுதான காட்டணும்" என்றார் அவர்.

பிறகு ஒரு காலையில் துணியை அவிழ்த்து, சக்கரத்தைத் துடைத்து, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்போது பேச்சை மட்டும் மாற்றியிருக்கிறார். உங்கள் எஞ்சின், பானெட் என்று எதுவும் சொல்வதில்லை. ஊற்றுவார், கல்லை மாட்டுவார், "பாருங்க, சக்கரம் நிக்கல" என்பார். அவ்வளவுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விற்பனை குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. அதிகம் பேசாத மனிதர், நேர்மையானவர் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

போன வாரம் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். பள்ளியின் கார் பெட்ரோல் போட வந்தது. விடுப்பில் போன யாருக்கோ பதிலாக அக்கா ஆசிரியர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் நடுவயசு ஆள். இறங்கி வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்று சக்கரத்தைப் பார்த்தார். ஆச்சரியத்தில் வாய் பிளந்தார். அங்கிருந்தே திரும்பி, "டீச்சர், இது வண்டிக்கு நல்லதா?" என்று கேட்டார்.

பெரியப்பாவின் கை எடைக்கல்லோடு அந்தரத்தில் நின்றது. எனக்கு ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

அக்கா ஜன்னல் வழியாகத் தன் அப்பாவையும் பார்த்தாள், சக்கரத்தையும் பார்த்தாள்.

"அந்த மெஷினுக்கு ரொம்ப நல்லது சார். வண்டிக்கு நேரத்துக்கு ஆயில் மாத்துங்க, போதும்."

கூட்டம் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. அந்த ஆள் தயங்கினார். பிறகு, டீச்சர் சொல்வது சரிதான், ஆனாலும் கண்ணால் பார்த்தாகிவிட்டதே என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். பெரியப்பா அதைப் பையில் போட்டு, மகள் இருந்த பக்கம் திரும்பாமலேயே நீட்டினார்.

கார் வெளியே போகிறவரை குனிந்து கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டம் சேர ஆரம்பித்தது. வெறும் ஆயிலை விட்டார், கல்லை மாட்டினார். சக்கரம் கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. உடனே பாட்டிலை எடுப்பார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையை, அந்தப் பேரிங் தகடு இன்னும் கிடந்த சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டு, சக்கரத்தை அப்படியே நிற்க விட்டிருந்தார்.